பெட்டி சுமந்த சிறுவன்: பந்தெறிவாளர் சாட்செல் பெய்ஜின் வரலாறு



பகல் முழுவதும் வேலை செய்து களைத்து, உண்டு முடித்து, குடும்பத்தோடு வானொலிப் பெட்டியின் அருகே அமர்ந்திருக்கும் பெரியோர்களுக்கும், பள்ளிப் பாடங்களை முடித்துவிட்டு வந்து அமர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கும் இன்று ஒரு விளையாட்டு வீரரின் வரலாற்றைச் சொல்லப் போகிறேன். வரலாறு என்றதும் மன்னர்களும் போர்களும் நம் நினைவுக்கு வருவது இயல்பு. ஆனால் ஒரு சமுதாயம் தன் மக்களை எப்படி நடத்தியது என்பதை, சில வேளைகளில், ஒரு பந்தும் ஒரு திடலும் நமக்குத் தெளிவாகக் காட்டிவிடுகின்றன.

நான் சொல்லப்போகும் மனிதர் அமெரிக்காவைச் சேர்ந்தவர். அவர் பெயர் சாட்செல் பெய்ஜ். ஆட்டம் பேஸ்பால்.

பேஸ்பால் என்ன ஆட்டம் என்று சிலர் கேட்கலாம். நம் பள்ளித் திடல்களில் பிள்ளைகள் ஆடும் சாஃப்ட்பால் ஆட்டத்திற்கு அதுவே மூத்தது. ஒரு குழுவுக்கு ஒன்பது பேர். திடலில் சதுரமாக நான்கு தளங்கள். மட்டை பிடித்து நிற்பவர் பந்தை அடித்துவிட்டு, நான்கு தளங்களையும் சுற்றி வந்தால் ஓர் ஓட்டம். அவரை அடிக்கவிடாமல் பந்தை எறிபவர்தாம் பந்தெறிவாளர். இருவருக்கும் இடையே உள்ள தூரம் 60 அடி 6 அங்குலம். நல்ல பந்தெறிவாளர் எறியும் பந்து அந்தத் தூரத்தை அரை நொடிக்கும் குறைவான நேரத்தில் கடந்துவிடும். மட்டையாளரின் முன்னே தரையில் பதித்திருக்கும் தட்டின் அகலம் 17 அங்குலமே. அதற்கு நேர் மேலே, முழங்காலுக்கும் மார்புக்கும் இடைப்பட்ட உயரத்தில் பந்து செல்லவேண்டும். அப்படிச் செல்லும் பந்துகளை மட்டையாளர் மூன்று முறை தவறவிட்டால் அவர் ஆட்டமிழப்பார்.

ஆட்டத்தின் முதல் பந்தை எறிந்து தொடங்கி வைப்பவரைத் தொடக்கப் பந்தெறிவாளர் என்பர். ஆட்டம் ஒன்பது சுற்றுகள் கொண்டது. முடிந்தமட்டும் அதிகச் சுற்றுகளை அவரே தாங்கவேண்டும். தோளுக்கும் முழங்கைக்கும் அது பெரும் சோதனை. ஆகவே ஓர் ஆட்டம் ஆடியவருக்கு நான்கைந்து நாள் ஓய்வு கொடுப்பது இந்தக் காலத்து வழக்கம். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஏனெனில் நம் கதைத் தலைவர் பல ஆண்டுகள் கிட்டத்தட்ட நாள்தோறும் பந்தெறிந்தவர்.

அமெரிக்காவின் தெற்கே அலபாமா மாநிலம் இருக்கிறது. அதில் மொபீல் என்பது ஒரு துறைமுக நகரம். அங்கே 1906ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 7ஆம் நாள் ஒரு கறுப்பினக் குடும்பத்தில் லீராய் ராபர்ட் என்ற குழந்தை பிறந்தது. தந்தை தோட்டவேலை செய்பவர். தாய் பிறர் வீட்டுத் துணிகளை வெளுத்துக் கொடுப்பவர். வீடு நிறையப் பிள்ளைகள். வருமானமோ கைக்கும் வாய்க்கும் போதாது. ஆகவே சிறுவயதிலேயே லீராய் புகைவண்டி நிலையத்திற்குப் போய்ப் பயணிகளின் பெட்டிகளைச் சுமந்தான். ஒவ்வொன்றாகச் சுமந்தால் கிடைக்கும் காசு போதவில்லை. ஒரு கழியையும் கயிற்றையும் கொண்டு மூன்று நான்கு பெட்டிகளை ஒரே தடவையில் தூக்க வழி கண்டுபிடித்தான். கைப்பெட்டிக்கு ஆங்கிலத்தில் சாட்செல் என்று பெயர். பெட்டிகளுக்கு நடுவே பையனே தெரியாமல் நடந்து வந்ததைப் பார்த்து மற்றப் பையன்கள் சூட்டிய பட்டப்பெயரே பிற்காலத்தில் உலகறிந்த பெயராயிற்று என்று அவரே சொல்லி வந்தார்.

வறுமை ஒருவனைத் திறமைசாலியாக்கலாம். தவறான வழியிலும் தள்ளலாம். சாட்செல் பள்ளிக்கு ஒழுங்காகப் போகவில்லை. கடையில் பொருள் திருடி அகப்பட்டுக்கொண்டான். 1918ஆம் ஆண்டு, பன்னிரண்டு வயதில், மவுண்ட் மெய்க்ஸ் என்னும் ஊரிலிருந்த கறுப்பினச் சிறுவர் சீர்திருத்தப் பள்ளிக்கு அனுப்பப்பட்டான். தாயைப் பிரிந்து அங்கே ஐந்து ஆண்டுகளுக்கு மேல் இருந்தான்.

அந்தப் பள்ளியில் எட்வர்ட் பெர்ட் என்ற பயிற்றுநர் ஒருவர் இருந்தார். நெட்டையாக, ஒல்லியாக, நீண்ட கைகால்களுடன் நின்ற அந்தப் பையனைப் பார்த்தார். இடது காலை உயரத் தூக்கி, உடம்பின் முழுப் பலத்தையும் கைக்குக் கொண்டுவந்து, கடைசி நொடியில் பந்தை விடுவது எப்படி என்று கற்றுக்கொடுத்தார். மட்டையாளரின் முழங்காலைக் கவனித்தால் அவர் எப்படி அடிக்கப் போகிறார் என்பது தெரியும் என்றும் சொல்லிக்கொடுத்தார். திருட்டுப் பட்டத்தோடு வந்த சிறுவன், 1923ஆம் ஆண்டின் இறுதியில், கையில் ஒரு தொழிலோடு வெளியே வந்தான். ஐந்தாண்டு விடுதலையைக் கொடுத்துப் பந்தெறியக் கற்றுக்கொண்டதாகப் பிற்காலத்தில் அவர் சொன்னதுண்டு. ஆசிரியத் தொழிலில் இருக்கும் நான் இந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் சற்று நின்றுவிடுவேன். அந்தப் பையனின் குற்றத்தை மட்டும் பார்த்தவர்கள் பலர் இருந்திருப்பார்கள். அவன் கையைப் பார்த்தவர் ஒருவர் இருந்தார்.

கையில் தொழில் வந்துவிட்டது. ஆனால் அதற்குரிய வாசல் திறந்திருந்ததா?

அமெரிக்காவில் பேஸ்பால் ஆட்டத்தின் உயர்நிலைக் குழுக்களை மேஜர் லீக் என்பர். 1884ஆம் ஆண்டு மோசஸ் ஃபிளீட்வுட் வாக்கர் என்ற கறுப்பினத்தவர் அந்த நிலையில் ஆடியிருக்கிறார். அதற்குப் பிறகு கதவு சாத்தப்பட்டது. கறுப்பர் ஆடக்கூடாது என்று எழுதிவைத்த சட்டம் எதுவும் மேஜர் லீக் விதிநூலில் இல்லை. குழு உரிமையாளர்கள் தங்களுக்குள் பேசாமலே செய்துகொண்ட உடன்பாடு அது. எழுதிய சட்டத்தையாவது எதிர்த்து வாதாடலாம். எழுதாத சட்டத்தை யாரிடம் போய்க் கேட்பது?

கறுப்பின ஆட்டக்காரர்கள் கைகட்டி உட்கார்ந்துவிடவில்லை. 1920ஆம் ஆண்டு கான்சஸ் சிட்டி நகரில் ரூப் ஃபாஸ்டர் என்ற முன்னாள் பந்தெறிவாளர் முன்னின்று கறுப்பினக் குழுக்களை ஒன்றுகூட்டி ஓர் அமைப்பை நிறுவினார். அதுவும் அதன் வழியில் தோன்றிய பிற அமைப்புகளும் சேர்ந்து, அந்தக் காலத்து வழக்குப்படி, நீக்ரோ லீக் என்று அழைக்கப்பட்டன. சாட்செல் பெய்ஜ் 1926ஆம் ஆண்டு சட்டனூகா நகரக் குழுவில் சேர்ந்தார். அவர் சம்பளத்தில் ஒரு பகுதி தாயாருக்கு நேராகப் போய்ச் சேரவேண்டும் என்ற ஏற்பாட்டோடுதான் வீட்டைவிட்டுக் கிளம்பினார். பிறகு பர்மிங்ஹாம் பிளாக் பேரன்ஸ், பிட்ஸ்பர்க் கிராஃபர்ட்ஸ் என்று குழுக்கள் மாறினார். புகழ் வளர்ந்தது.

அவர் பந்தெறிவதைப் பார்த்தவர்கள் வியந்தது வேகத்தை மட்டுமல்ல, குறி தவறாமையையுமே. தட்டின் மேல் ஒரு சிறு பொருளை வைத்து அதற்கு நேர் மேலே திரும்பத் திரும்ப எறிந்து பழகுவார். காலைத் தூக்கி வைத்த பிறகும் கை வராமல் ஒரு கணம் நின்று, மட்டையாளர் முன்கூட்டியே மட்டையை வீசிவிட்ட பிறகு பந்தை விடும் ஒரு வித்தையும் அவரிடம் இருந்தது. சில காட்சி ஆட்டங்களில் பின்னால் நிற்கும் தடுப்பாட்டக்காரர்களை உட்காரச் சொல்லிவிட்டு, தாமே அடுத்தடுத்து மட்டையாளர்களை வீழ்த்துவார். மக்கள் திரண்டு வந்தார்கள். அவர் வந்தால்தான் கூட்டம்; கூட்டம் வந்தால்தான் குழுவுக்கு வருமானம். ஆகவே ஊர் ஊராக, நாள் தவறாமல், இரண்டு மூன்று சுற்றுகளாவது அவர் பந்தெறிந்தே ஆகவேண்டியிருந்தது.

அந்தப் பயணங்கள் எளிதானவை என்று எண்ணிவிடாதீர்கள். இரவெல்லாம் பேருந்தில் பயணம். பசித்து இறங்கினால் பல உணவுக்கடைகளில் கறுப்பருக்கு இடமில்லை. விடுதிகளிலும் இடமில்லை. பேருந்திலேயே உறங்கினார்கள், அல்லது அந்தந்த ஊரிலிருந்த கறுப்பினக் குடும்பங்கள் தங்கள் வீட்டில் இடம் கொடுத்தன. பகலில் ஆயிரக்கணக்கானோர் கைதட்டிய மனிதருக்கு, இரவில் ஒரு தட்டுச் சோற்றுக்கு வாசல் திறக்கவில்லை.

வட டக்கோட்டா மாநிலத்தில் பிஸ்மார்க் என்ற ஊரில் வெள்ளையரும் கறுப்பரும் ஒன்றாக ஆடிய ஒரு குழு இருந்தது. அதில் பெய்ஜ் ஆடினார். 1935ஆம் ஆண்டு விச்சிட்டா நகரில் நடந்த தேசியப் போட்டியில் அந்தக் குழு வெற்றி பெற்றது. இரு நிறத்தாரும் ஒரே குழுவில் ஆடினால் உலகம் கவிழ்ந்துவிடாது என்பதற்கு அது கண்கூடான சான்று. ஆயினும் மேஜர் லீக் உரிமையாளர்கள் அதைப் பார்க்க விரும்பவில்லை.

1937ஆம் ஆண்டு டொமினிக்கன் குடியரசில் ஆடப் போனார். அந்நாட்டின் சர்வாதிகாரி துருஹியோவின் பெயர் தாங்கிய குழுவுக்காக, படைவீரர்கள் சூழ்ந்து நிற்க, ஆடி வென்று திரும்பினார். அடுத்த ஆண்டு மெக்சிகோவுக்குப் போனார். அங்கேதான் பேரிடி விழுந்தது. வலது தோளில் தாங்க முடியாத வலி. கையைத் தூக்கவே முடியவில்லை. இனி பந்தெறிய முடியாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். உடம்பை நம்பிப் பிழைப்பவனுக்கு உடம்பு கைவிட்டால் என்ன ஆகும் என்பதை உங்களுக்கு நான் விளக்கவேண்டியதில்லை.

அப்போது அவருக்கு வயது 32. முன்பு அவரைப் போட்டி போட்டு அழைத்தவர்கள் இப்போது திரும்பிப் பார்க்கவில்லை. ஒருவர் மட்டும் அழைத்தார். கான்சஸ் சிட்டி மோனார்க்ஸ் குழுவின் உரிமையாளர் வில்கின்சன். தம் இரண்டாம் நிலைக் குழுவில் ஓர் இடம் கொடுத்து, சிற்றூர்களுக்கு அனுப்பினார். அந்தப் பெயருக்காகவாவது மக்கள் வருவார்கள் என்பது அவர் கணக்கு. குழுவின் உடற்பயிற்சியாளர் தோளுக்கு நாள்தோறும் எண்ணெய் தேய்த்து, வெந்நீரும் தண்ணீரும் மாற்றி மாற்றி ஊற்றிப் பக்குவம் செய்தார். மெல்ல எறிந்தார். வேகம் இல்லாததால் புதுப்புது நுணுக்கங்களைக் கற்றுக்கொண்டார். 1939ஆம் ஆண்டில் ஒரு நாள் வலி போயிற்று. பழைய வேகமும் திரும்பியது. இப்போது அவரிடம் வேகமும் இருந்தது, நுணுக்கமும் இருந்தது.

1942ஆம் ஆண்டு நீக்ரோ லீக் உலகத் தொடரில் மோனார்க்ஸ் குழு ஹோம்ஸ்டெட் கிரேஸ் குழுவை வென்றது. எதிர்க்குழுவில் ஜாஷ் கிப்சன் என்ற மாபெரும் மட்டையாளர் இருந்தார். ஓர் ஆட்டத்தில் மூன்று தளங்களிலும் எதிரணியினர் நிற்க, கிப்சன் மட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தார். பெய்ஜ் அவரை மூன்று தவறுகளில் வீழ்த்தினார். கிப்சனை எதிர்கொள்வதற்காகவே முந்தைய ஆட்டக்காரர்களை வேண்டுமென்று தளத்துக்குப் போகவிட்டார் என்று உடன் ஆடியவர்கள் பிற்காலத்தில் கதை கதையாகச் சொன்னார்கள்.

பிறகு காலம் அசையத் தொடங்கியது. இரண்டாம் உலகப் போரில் கறுப்பின வீரர்களும் போர்முனைக்குப் போனார்கள். உயிர் கொடுக்க உரிமை உண்டு, பந்தாட உரிமை இல்லையா என்று கறுப்பினச் செய்தித்தாள்கள் கேட்டன. 1945ஆம் ஆண்டு புரூக்ளின் குழுவின் தலைவர் பிராஞ்ச் ரிக்கி ஒரு கறுப்பின ஆட்டக்காரரை ஒப்பந்தம் செய்தார். அவர் சாட்செல் பெய்ஜ் அல்லர். பெய்ஜின் குழுவிலேயே அந்த ஆண்டு ஆடிய இளைஞர், கல்லூரியில் படித்தவர், ஜாக்கி ராபின்சன். 1947ஆம் ஆண்டு ஏப்ரல் 15ஆம் நாள் ராபின்சன் மேஜர் லீக் திடலில் இறங்கினார். அதைக் காண ஜாஷ் கிப்சன் இல்லை. அந்த ஜனவரியில்தான், 35 வயதில், அவர் இறந்துபோனார்.

பெய்ஜ் மனத்தில் என்ன இருந்திருக்கும்? இருபது ஆண்டுகளாகக் கதவைத் தட்டியவர் அவர். அந்த முதல் இடம் தமக்குக் கிடைக்காதது தம்மைப் புண்படுத்தியது என்று பின்னர் ஒளிக்காமல் சொன்னார். ஆனால் மக்கள் முன்னிலையில், ராபின்சனைவிடச் சிறந்தவரைத் தேர்ந்தெடுத்திருக்க முடியாது என்றே கூறினார். பொறாமை இல்லாதவர் என்று அவரைப் புகழ நான் வரவில்லை. வேதனை இருந்தும் அதை இன்னொருவர் வழியில் முள்ளாகப் போடாதவர் என்று சொல்கிறேன்.

1948ஆம் ஆண்டு ஜூலை 7ஆம் நாள், அவருடைய 42ஆம் பிறந்தநாளில், கிளீவ்லண்ட் குழுவின் உரிமையாளர் பில் வீக் அவரை ஒப்பந்தம் செய்தார். இது வெறும் விளம்பரம், ஆட்டத்தின் தரத்தையே இழிவுபடுத்துகிறது என்று ஒரு பெரிய விளையாட்டு ஏட்டின் ஆசிரியர் எழுதினார். பதில் திடலில் கிடைத்தது. ஆகஸ்ட் 3ஆம் நாள் தொடக்கப் பந்தெறிவாளராக இறங்கியபோது 72,434 பேர் வந்தனர். அடுத்து சிகாகோ நகரில் எதிரணிக்கு ஓர் ஓட்டமும் கொடுக்காமல் வென்றார். ஆகஸ்ட் 20ஆம் நாள் கிளீவ்லண்டில் 78,382 பேர் முன்னிலையில் மறுபடியும் ஓர் ஓட்டமும் கொடுக்காமல் வென்றார். அந்தப் பருவத்தில் 6 வெற்றி, 1 தோல்வி. கிளீவ்லண்ட் அந்த ஆண்டு உலகத் தொடரையும் வென்றது. அத்தொடரில் பந்தெறிந்த முதல் கறுப்பினத்தவர் பெய்ஜ்.

பின்னர் செயின்ட் லூயிஸ் பிரவுன்ஸ் குழுவில் ஆடி, 1952, 1953 ஆகிய ஆண்டுகளில் சிறந்த ஆட்டக்காரர் வரிசையில் இடம்பெற்றார். 1965ஆம் ஆண்டு செப்டம்பர் 25ஆம் நாள், 59 வயதில், கான்சஸ் சிட்டி குழுவுக்காக மூன்று சுற்றுகள் பந்தெறிந்தார். வேடிக்கைக்காக அவருக்கு ஆடும் நாற்காலி போட்டு, பக்கத்தில் ஒரு தாதியையும் நிறுத்தியிருந்தார்கள். எதிரணியால் ஓர் ஓட்டமும் எடுக்க முடியவில்லை. சிரிக்க வந்தவர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

நேயர்களே, கைதட்டல் வயிற்றை நிரப்பாது. மேஜர் லீக் ஆட்டக்காரர்களுக்கு ஓய்வூதியம் உண்டு. ஆனால் குறிப்பிட்ட காலம் குழுவில் இருந்திருக்கவேண்டும். பெய்ஜுக்கு 158 நாட்கள் குறைந்தன. கதவைச் சாத்தி வைத்திருந்த இருபது ஆண்டுகள் எந்தக் கணக்கிலும் வரவில்லை. 1968ஆம் ஆண்டு அட்லாண்டா குழு அவரைச் சேர்த்துக்கொண்டு அந்தக் குறையைத் தீர்க்க உதவியது. உழைத்த நாட்கள் ஏட்டில் ஏறியிருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளும் குடும்பங்களுக்கு இதன் பொருள் நன்றாகவே விளங்கும்.

ஏட்டில் ஏறுவதைப்பற்றி இன்னொன்றும் சொல்லவேண்டும். 1966ஆம் ஆண்டு டெட் வில்லியம்ஸ் என்ற புகழ்பெற்ற வெள்ளையின ஆட்டக்காரர் பேஸ்பால் புகழ்மண்டபத்தில் சேர்க்கப்பட்டார். தமக்குக் கிடைத்த அந்த மேடையில் நின்றுகொண்டு, வாய்ப்பு மறுக்கப்பட்ட சாட்செல் பெய்ஜுக்கும் ஜாஷ் கிப்சனுக்கும் இங்கே இடம் கிடைக்கவேண்டும் என்று சொன்னார். 1971ஆம் ஆண்டு பெய்ஜ் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஆனால் நீக்ரோ லீக் ஆட்டக்காரர்களுக்குத் தனிப் பகுதி ஒதுக்குவதாகத் திட்டம். அங்கேயும் பிரித்துத்தான் வைப்பீர்களா என்று பலர் கண்டனம் செய்தனர். திட்டம் கைவிடப்பட்டது. ஆகஸ்ட் 9ஆம் நாள் மற்றவர்களுக்குச் சமமாக அவர் அமர்த்தப்பட்டார். 1982ஆம் ஆண்டு ஜூன் 8ஆம் நாள் கான்சஸ் சிட்டியில் காலமானார்.

அவர் காலத்து மேஜர் லீக் ஏடு அவருக்குக் கொடுத்த கணக்கு 28 வெற்றி, 31 தோல்வி. நாற்பது வயதைத் தாண்டிய பிறகு செய்த வேலையின் கணக்கு அது. 2020ஆம் ஆண்டு டிசம்பரில், 1920 முதல் 1948 வரை நடந்த நீக்ரோ லீக் ஆட்டங்களும் மேஜர் லீக் தரத்தைச் சேர்ந்தவையே என்று அறிவிக்கப்பட்டது. 2024ஆம் ஆண்டு மே மாதம் 2,300க்கு மேற்பட்ட ஆட்டக்காரர்களின் கணக்குகள் பொது ஏட்டில் சேர்க்கப்பட்டன. அதன்படி, வாழ்நாள் மட்டையடிச் சராசரியில் முதலிடம் பெற்ற பெயர் எது தெரியுமா? மேஜர் லீக் குழு எதிலும் ஒரு நாளும் ஆட முடியாமல் இறந்த ஜாஷ் கிப்சன்.

இந்த வரலாற்றை ஒரு முறை என் வகுப்பில் சொன்னேன். கடைசி வரிசையில் இருந்த ஒரு பையன் எழுந்து, "சார், அவருக்கு அந்த இருபது வருசத்த யாரு திருப்பிக் குடுத்தா?" என்று கேட்டான். நான் பதில் சொல்லத் தடுமாறினேன். யாரும் கொடுக்கவில்லை, கொடுக்கவும் முடியாது என்பதே உண்மை. முயற்சி திருவினையாக்கும் என்று சொல்லி முடித்திருந்தால் அந்தப் பையனை ஏமாற்றியவனாவேன். பெய்ஜின் முயற்சியில் ஒரு குறையும் இல்லை. வாசலைச் சாத்தியவர்களிடம்தான் குறை இருந்தது. அவருக்கு வாசல் திறந்தது அவருடைய முயற்சியால் மட்டுமன்று. ரூப் ஃபாஸ்டர் கட்டிய அமைப்பும், செய்தித்தாள்கள் கேட்ட கேள்வியும், ராபின்சன் தாங்கிய அவமதிப்பும், வில்லியம்ஸ் பேசிய சில சொற்களும் சேர்ந்து தள்ளியதால்தான் அது திறந்தது.

ஆனால் அந்த வாசல் திறந்த நாளில் அவர் ஆயத்தமாக இருந்தார். 42 வயதிலும் கை பழக்கம் விட்டுப்போகாமல் வைத்திருந்தார். அது அவருடைய பங்கு.

பெற்றோர்களே, உங்கள் வீட்டில் பாடத்தில் பின்தங்கிய பிள்ளை இருக்கலாம். குறும்பு செய்து பெயர் கெட்ட பிள்ளையும் இருக்கலாம். அவன் குற்றத்தைக் கண்டியுங்கள். கூடவே அவன் கையையும் பாருங்கள். அதில் என்ன இருக்கிறது என்று முதலில் கண்டுபிடிக்கவேண்டியவர்கள் நீங்களும் எங்களைப் போன்ற ஆசிரியர்களுமே. பிள்ளைகளே, உங்களோடு ஆடவரும் எவரையும் நிறத்தாலோ இனத்தாலோ சாதியாலோ திடலுக்கு வெளியே நிறுத்தாதீர்கள். வெளியே நிறுத்தப்பட்டவரின் ஆண்டுகளைப் பிறகு எவராலும் திருப்பித் தர முடியாது.